மணல் விட்டது, கரிசல் பிடித்தது

பூமயில் பிறந்தது சாயல்குடிப் பக்கம், கரிசல்காட்டில். வாக்கப்பட்டது திருப்புல்லாணிக்கு அருகே, மணல்காட்டில். அவளுடைய அய்யா பால்சாமி தன் நிலத்தின் பெருமையை ஓயாமல் பேசுகிறவர். மருமகன் கூத்தையாவைக் கண்டுவிட்டால் பேச்சு இன்னும் நீளும்.

1993 ஐப்பசியில் இருவரும் சோளம் விதைத்தார்கள். ஒரே கடையில் களைக்கொல்லி வாங்கி, ஒரே அளவில் தெளித்தார்கள். பிறகு நல்ல மழை. பால்சாமியின் காட்டில் களை மட்டும் செத்தது. கூத்தையாவின் மணலில் சோளமும் சேர்ந்து வெளுத்துச் சுருண்டது.

"கடைக்காரன் போலி மருந்தைத் தள்ளிவிட்டுட்டான். கேக்காம விடமாட்டேன்" என்று துண்டை உதறிக் கிளம்பினார் கூத்தையா.

"போலி மருந்து பயிரை இப்படிப் பொசுக்குமா? செத்த நில்லுங்க" என்று மறித்தாள் பூமயில்.

அடுத்த நாளே அய்யா காட்டு மண்ணை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு பஸ் ஏறினாள். "பொறந்த வீட்டுச் சீரா தாயி?" என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

அடியில் துளையிட்ட இரண்டு டின்களில் கரிசலையும் மணலையும் நிரப்பி, மேலே மருந்து தெளித்து, தண்ணீர் ஊற்றினாள். கீழே வடிந்ததைத் தனித்தனியாகப் பிடித்து இரண்டு கீரைப் பாத்திகளுக்கு விட்டாள். மணலில் வடிந்த தண்ணீர் பட்ட கீரை கருகியது. மற்றது தளதளவென்று நின்றது.

"மணலு மருந்தைப் புடிச்சு வைக்கல. அப்படியே வேருக்கு இறக்கிவிட்டுருச்சு" என்றாள் பூமயில்.

பால்சாமிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "பாத்தீகளா மாப்பிள்ள? எம்மண்ணு விசத்தையே அடக்கி வச்சிரும்!"

மாசியில் சோளத்தட்டையை அறுத்துவிட்டு அவர் வெள்ளரி போட்டார். கூத்தையா தர்ப்பூசணி ஊன்றினார். ஒரு கோடை மழை பெய்தது. வெள்ளரி இலைகள் ஓரத்திலிருந்து காய்ந்து வந்தன. மணலிலோ மருந்து எப்போதோ மழையில் கரைந்து இறங்கிப் போயிருந்ததால் தர்ப்பூசணிக் கொடி ஓடிப் படர்ந்தது.

"அய்யா, ஒங்க மண்ணு அன்னைக்குப் புடிச்சதைக் கொஞ்சங்கொஞ்சமா இப்ப விடுது" என்றாள் பூமயில்.

பால்சாமி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். கூத்தையா தோளில் ஒரு தர்ப்பூசணியோடு வந்து இறங்கிய அன்றுதான் சிரிப்பு வந்தது. "அறுங்க மாப்பிள்ள, ஒங்க மணலு ருசியத் தின்னு பாப்போம்."

மறுவருஷம் பூமயில், மருந்தைப் பிடித்து வைக்கட்டும் என்று மணலுக்குத் தொழுவுரம் கொட்டினாள். மருந்தைப் பாதியாகக் குறைத்தாள். குடிதண்ணீர் ஊற்றுப் பக்கம் தெளிக்கவே விடவில்லை. விஷயம் பரவி, அக்கம்பக்கத்துப் பெண்கள் முந்தானையில் மண் முடிந்துகொண்டு அவளைத் தேடி வந்தார்கள். அவள் அதை நனைத்துப் பிசைந்து, உருண்டை பிடிக்கிறதா உதிர்கிறதா என்று பார்த்துத்தான் எவ்வளவு மருந்து என்ற பேச்சையே தொடங்குவாள்.