ரம்யாவின் எண்களும் கலாவதியும்

கலாவதி இறந்த செய்தி வந்தபோது என் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு குழந்தை கட்டங்களுக்குள் குறிகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடத்தில் எத்தனை கட்டம் நிரம்புகிறது என்பதை வைத்துத்தான் மூளையின் வேகத்தைக் கணிப்போம். நடுவில் நிறுத்தக் கூடாது. மேஜையில் போன் அதிர்ந்தது. 'கலா மேடம் நோ மோர், ஹார்ட் அட்டாக்' என்று பிள்ளைகளின் கற்றல் திறனைச் சோதிக்கும் எங்கள் மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த நாற்பது விநாடியும் அந்தக் குழந்தையின் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை அனுப்பிவிட்டுத்தான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வானவடியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் உங்களில் பலர் என் பேச்சைக் கேட்டீர்கள். அவருடைய சிரிப்பையும் பொறுமையையும் பற்றிச் சொன்னேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கலா இந்த மராத்தி ஊரிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. நான் கணவரின் ஐ.டி. வேலைக்காகக் கோவையிலிருந்து வந்தவள். "உஷீர் ஆயிடுச்சு மீனா" என்று காலையில் மூச்சு வாங்க வந்து நிற்பார். தாமதம் என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதில்லை. மராத்தி கலந்த அந்தத் தமிழைக் கிண்டல் செய்யாத நாளில்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

சோதனைக்கு வரும் பிள்ளைகளை என் அறைக்குக் கூட்டிவருவது மையத்தில் அவர் வேலை. லிஃப்டில் ஏற்ற மாட்டார். மூன்று மாடியும் நடத்தி, படிகளை உரக்க எண்ணச் சொல்லிக் கூட்டிவருவார். துறுதுறுவென்று ஓடும் பிள்ளைகளைக் களைக்க வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால், "சும்மா, காதுல வாங்கிட்டே வருவேன்" என்பார்.

ஏரவாடாவிலிருந்து ரம்யா வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. கவனத்தை நிலைநிறுத்த முடியாத ஏ.டி.எச்.டி. இருப்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். அவள் படித்த ஆங்கிலப் பள்ளி, எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் அவளை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தது. அன்று எனக்கு அவசரம். "லிஃப்ட்லயே கூட்டிட்டு வந்துடுங்க கலா" என்றேன். அம்மாவைக் கீழே உட்கார வைத்துவிட்டு, கலா அவளைக் கைபிடித்துக் கூட்டிவந்து என் அறையில் விட்டார்.

தமிழ்க் குழந்தையைத் தமிழிலேயே சோதிக்கிறோம் என்று எனக்கு ஒரே பெருமை. ஏழு, இரண்டு, ஒன்பது என்று விநாடிக்கு ஓர் எண்ணாகச் சொன்னேன். கேட்டதை மனதில் நிறுத்தி வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு தலைகீழாகவும் சொல்ல வேண்டும். மூன்று எண்ணுக்கு மேல் அவளால் முடியவில்லை. செயல்நினைவு மிகக் குறைவு, வேகமும் குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அடுத்த வாரம் ரம்யா பயிற்சிக்கு வந்தாள். கலா அவளைப் படியேற்றினார். ஏக், தோன், தீன் என்று அவள் எண்ணிக்கொண்டே வந்ததை நானும் கேட்டேன். கலா என் அறைக்குள் வந்து மெதுவாகச் சொன்னார்.

"வீட்ல பேசுறது தமிழ், எண்றது தெருவுல பழகின மராத்தி. நீங்க ஏழுன்னா, அவ அத சாத்துன்னு மாத்திட்டுதான் வெச்சுக்கணும். அதுக்குள்ள அடுத்த நம்பர் வந்துடுது. மத்த பிள்ளைங்க சமாளிச்சுடும். இவளுக்கு இருக்கிறதே துளி எடம் மீனா, அதுல பாதிய நாமளே அடைச்சிட்டோம். அந்த ரிப்போர்ட்ட இப்பவே திருப்பி வாங்கிடுங்க."

அதே சோதனையை இவ்வளவு சீக்கிரம் மறுபடி வைக்கக் கூடாது என்று விதியைக் காட்டினேன். விதி உண்மைதான். அறிக்கையைத் திருப்பி வாங்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. என் பிழையை என் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆறு மாதம் கழித்து மராத்தியில் சோதித்தோம். எண்களை ஓரளவு மற்ற பிள்ளைகளைப் போலவே திருப்பிச் சொன்னாள். கட்டங்களை நிரப்பும் வேகம் மட்டும் குறைவாகவே இருந்தது. "மெதுவுதான். மெதுவா இருக்கட்டுமே, என்ன இப்போ?" என்றார் கலா. அதற்குள் பள்ளி அவள் பெயரை நீக்கிவிட்டிருந்தது.

ரம்யாவின் அம்மாவுக்கு ஆங்கில அறிக்கையைப் படிக்கத் தெரியாது. மகளைக் கைபிடித்துக் கூட்டிப்போனவர்தான் சோதித்தார் என்று நினைத்திருந்தார். நடைபாதையில் கலாவைப் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கத்தினார். நான் என் அறை வாசலில் நின்றிருந்தேன். கலா என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்பாயிடுச்சும்மா, மன்னிச்சுடுங்க" என்றார்.

அதன்பின் நான்கு வருடம், ஞாயிறுதோறும் ஏரவாடாவுக்குப் போய் ரம்யாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். "இன்னிக்கும் வெளியவேதான் உக்கார வெச்சாங்க" என்று திங்கட்கிழமை சிரித்துக்கொண்டே சொல்வார். நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று பலமுறை வாய்வரை வந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் முடிந்த மறுநாள் போனேன். ரம்யாவின் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சோதித்தது நான், எழுதியதும் நான் என்று சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"நாலு வருஷம் மேடம். அவங்களுக்கு ஒரு கிளாஸ் தண்ணி நான் குடுத்ததில்ல."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அவங்க போனதுக்கப்புறம் வந்து ஏன் சொல்றீங்க?"

கலாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கேள்வியிலிருந்த கோபம்தான். நான்கு வருடம் முன்பே எனக்கு வந்திருக்க வேண்டியது. இத்தனை நாள் அதை அவர் வாங்கி வைத்திருந்தார்.