பாய் கேட்கும் கேள்வி

மாடி வீட்டு அம்மாள் இறங்கி வந்து, சிவப்புச் சாயமிட்ட முட்டையொன்றை என் கையில் வைத்து, கிறிஸ்து உயிர்த்தார் என்று கிரேக்க மொழியில் சொன்னாள். பதில் சொல்வதற்குள் பேரப்பிள்ளைகள் கூப்பிட, போய்விட்டாள். இந்த ஊரில் ஈஸ்டர் முட்டையை இன்னொருவர் முட்டையோடு முட்டித்தான் உடைக்க வேண்டும். மாடியில் அந்தச் சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன.

திண்டுக்கல்லில் எங்கள் கோயிலுக்குப் பின்சந்தில் ஒரு கறிக்கடை இருந்தது. தவக்காலம் முழுக்க எங்கள் தெருவில் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டோம், பாய் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஈஸ்டர் விடியலில், பூசை முடிந்த கையோடு, மெழுகு சொட்டிய புதுச்சட்டையில் நான் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு அம்மாவோடு வரிசையில் நிற்க, பெண்கள் தலையில் வாடிய மல்லிகையும் ஆட்டுக் கொழுப்பும் சேர்ந்து மணக்க, கத்தி தீட்டும் சத்தம் சந்து முழுக்கக் கேட்க, எங்கள் முறை வரும்.

“என்னம்மா, ஒங்க சாமி எந்திரிச்சுட்டாரா?”

“எந்திரிச்சுட்டாரு பாய். எலும்பக் கம்மியாப் போடுங்க.”

எல்லோரிடமும் கேட்பார். இல்லையென்றால் கறி கிடையாதோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

இப்போது கடையுமில்லை, சந்துமில்லை. இடித்து ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள்.

“எந்திரிச்சுட்டாரு பாய்” என்று சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். இந்த வீட்டுக்குள் தமிழ் கேட்டு எத்தனை நாளாயிற்றோ, என் குரலே யாருடையதோ போலிருந்தது.

பிறகு முட்டையை என் நெற்றியிலேயே முட்டி உடைத்தேன்.