நுவரெலியாவா, நம்மட வாசலா

மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல். புல்வெளி, பனிமூட்டம், பூவால் கட்டிய வளைவு. அதன் கீழே யாரோ பெண்ணும் மாப்பிள்ளையும் குளிரில் விறைத்துப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உம்மா, என்ட கலியாணத்த இங்க வெப்பமா? டெஸ்டினேஷன் வெடிங்."

நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன். அதை வைத்துக்கொண்டு கதைப்பது நல்லதல்ல.

"ஏன்டி, கல்முனையில கலியாணம் முடிச்ச ஆக்களெல்லாம் சந்தோசமா இரிக்கல்லியா? நானும் உன்ட வாப்பாவும் எந்த மலையில ஏறினம்?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அந்த ஹோட்டலில் நூறு பேருக்குத்தான் இடமாம். நூறு எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீடுகளுக்கே காணாது. பாய் விரித்து, ஆறு பேர் சுற்றியிருந்து சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில் சாப்பிடவும் விடமாட்டார்கள். ஆளுக்கொரு பீங்கானைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். "பொண்டுகள் குரவ போட்டா ஹோட்டல்காரன் பொலிசுக்குக் கோல் எடுப்பான்" என்றேன். என் கணவர் சிரித்துவிட்டு, நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

உண்மையில் என் கோபம் சஹனுக்காக அல்ல. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்கு. இன்னொரு வீடு கட்ட எங்களுக்கு ஏலவில்லை. அதனால் இருக்கிற வீட்டையே மகள் பெயருக்கு எழுதிவிட்டு, எங்களுக்கென்று பின்வளவில் இரண்டு அறை போட்டிருந்தோம். நான் இருபத்தாறு வருடம் கூட்டிப் பெருக்கிய வாசலால் மருமகன் உள்ளே வருவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த ஆசையில்தான் இவ்வளவு நாளும் இருந்தேன். அவர் எங்கேயோ ஒரு கண்ணாடிக் கதவால் வருவதென்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு கிழமை வீட்டில் இதே கதைதான். கணவர் என்னிடம் "நீ சொல்றது சரி" என்பார், மகளிடம் "பாப்பம் மகள்" என்பார். கடைசியில் அக்கரைப்பற்றிலிருந்த மாப்பிள்ளையிடமே போனில் கேட்டேன்.

"எனக்கு எங்கயெண்டாலும் சரி மாமி. குளிர் மட்டும் ஒத்துவரா."

அந்த நிமிடமே அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் படுக்கிற முன்னறையிலிருந்து என் தையல் மெஷினைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மகள் வழியை மறித்து நின்றாள்.

"இத இப்பவே ஏன் கொண்டு போறீங்க?"

"முன்னறைய ஒதுக்கோணும்தானே."

"அதுக்குத்தான் உம்மா நான் நுவரெலியா எண்டன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இங்க வெச்சா, அண்டைக்கே நீங்களும் வாப்பாவும் தலகாணியத் தூக்கிட்டுப் பின்னுக்குப் போவீங்க. வந்த ஆக்களெல்லாம் பாத்துட்டு நிப்பாங்க. நான் புதுச்சாறியோட உங்கட கட்டில்ல போய் இரிக்கணும். எனக்கு ஏலா உம்மா. அங்க வெச்சா, நாங்க வரக்குள்ள எல்லாம் முடிஞ்சிரிக்கும். நான் பாக்கத் தேவல்ல."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அல்லாவே! ஒரு கிழமையாக நான் ஒரு பூவளைவோடு சண்டை பிடித்திருக்கிறேன். என்னை விட மடச்சி இருக்க முடியாது. அவளைக் கட்டிப்பிடித்து நானும் அழுதேன்.

"அடியே, பின்னறைக்குக் கடல்காத்து வருது. முன்னறையில றோட்டுச் சத்தமும் உன்ட வாப்பாட கொறட்டையும் சேந்து, நான் ஒழுங்கா நித்திர கொண்டு எத்தின வருசம்! என்ட உம்மாவும் எனக்கு முன்னறைய இப்பிடித்தான் தந்தா. நான் அழல்ல. கட்டில் ஆடுதா எண்டுதான் ஆட்டிப் பாத்தன்."

அழுகைக்குள்ளேயே சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு கண்டிசன் போட்டாள். "அப்ப நாளைக்கே போங்க. கலியாணத்தண்டு ஒரு தலகாணியும் அசையப்படா."

மறுநாள் தலையணைகளை அவளே தூக்கிக்கொண்டு போய் எங்கள் புதுக் கட்டிலில் வைத்தாள். ஒரு மாதம் கழித்துக் கலியாணம், எங்கள் வீட்டில்தான். மருமகன் முன்வாசலால் வந்தார். குரவை அடுத்த ஒழுங்கை வரை கேட்டது. அதில் ஆகக்கூடின சத்தம் என்னுடையது.

அடுத்த நாள் காலையில் ஒரு பிழை விட்டேன். ஒரு மாதமாக அந்தப் பக்கத்தை மறந்திருந்த கால் பழைய பழக்கத்தில் நேரே முன்னறைக்குப் போய்விட்டது. கதவு திறந்துதான் கிடந்தது. மருமகன் தனியே ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாகக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாங்க மாமி. வந்து இரிங்க."

என் அறைக்குள் எனக்கே வரவேற்பு! கதவடியிலேயே நின்றுவிட்டேன். பிறகு சிரிப்பு வந்தது. நான் கதிரையில் இருக்கவில்லை. ஜன்னலடிக்குப் போனேன்.

"இத நேரே தள்ளினா திறக்கா மருமகன். கீழால கொஞ்சம் தூக்கித் தள்ளோணும்."

தள்ளிக் காட்டினேன். திறந்தது. மறுபடி சாத்திவிட்டு, "இனி நீங்க தள்ளுங்க" என்று சொல்லித் தள்ளி நின்றேன்.