தேர் வந்த தெருவில் கருவாட்டுப் பெட்டி

சகோதரத்துவம் என்று பள்ளிச் சுவர்களில் பொறித்துவைத்துவிட்டு, உண்மையான பிரெஞ்சுக்காரர் யார் என்று தொலைக்காட்சியில் சண்டை பிடிக்கிறவர்கள் ஒருநாள் பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு வரட்டும். நான் வேலை செய்யும் பலசரக்குக் கடைக்கு எதிரே அல்ஜீரியாக்காரர் ஒருவர் இறைச்சிக்கடை வைத்திருக்கிறார். பிள்ளையார் தேர் வரும்போது, யாரும் கேட்காமலே கடையைப் பூட்டிவிடுவார். இந்த வருடமும் பூட்டிவிட்டு நின்றவர், திடீரென்று எங்களிடம் ஓடிவந்தார்.

"அண்ணை, கருவாடு!" என்று எங்கள் முதலாளியைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினார்.

தேருக்காக நாங்கள் வாசலில் வைத்த நிறைகுடத்துக்குப் பக்கத்திலேயே கருவாட்டுப் பெட்டி திறந்து கிடந்தது. நாங்கள் குனிவதற்குள் அவரே அதைத் தூக்கி உள்ளே வைத்தார்.

தேர் போனதும் முதலாளி அவரிடம் மோதகம் நீட்டினார். அவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பொறு அண்ணை, கை கழுவவேணும்."