கில்ஃபாயிலின் சுண்டு விரல்

டெர்மட் கில்ஃபாயில் முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளராக இருந்தவர். எரிந்த வீட்டின் முன் நின்று, ஏன் பணம் தர முடியாது என்று வீட்டுக்காரருக்கு மரியாதையாக விளக்குவதுதான் அந்த வேலை. அதில் அவர் கெட்டிக்காரர். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எங்கள் வட்டாரத்துக் கத்தோலிக்கப் பள்ளி வாரியத்துக்குக் கொண்டுவந்தார். எங்கள் கெட்ட காலம், பதினோரு வருடம் அதன் தலைவராகவும் இருந்தார்.

வாரியத்தில் உறுப்பினர்கள் ஏழு பேர். வரி கட்டும் கத்தோலிக்கர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள். கூட்டம் செபத்தோடு தொடங்கும். பெற்றோர் யாராவது பேச வந்தால் பத்து நிமிடம் தருவார்கள். டெர்மட் அந்தப் பத்து நிமிடமும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். முடிந்ததும், "உங்க உணர்வு எனக்குப் புரியுது. உங்களுக்குக் குடுத்த பத்து நிமிஷம் முடிஞ்சுது" என்பார். அழுதுகொண்டிருந்த தாய்மார்களுக்கும் இதே வாக்கியம்தான். அவர்கள் பேசுவதற்கு முன்பே, கார் நிறுத்துமிடத்திலோ தொலைபேசியிலோ ஓட்டுகளை எண்ணி முடித்திருப்பார். சரிசமமாக ஓட்டு விழுந்தால் தீர்மானம் தோற்றதாகத்தான் கணக்கு. வேண்டாத தீர்மானத்தை ஜெயிக்க வேண்டியதில்லை, சமன் செய்தால் போதும் என்பது அவர் கண்ட ஞானம்.

அந்த ஞானத்தை அவர் முழுதாகப் பயன்படுத்தியது ஒன்பது வருடம் முன்பு. தாமிரக்குடாவின் சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகள் படித்த புனித பார்பரா பள்ளியை மூடக் கூடாது என்று பியெரினா தால்போ தீர்மானம் கொண்டுவந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள், அந்த ஊரின் உறுப்பினர். அன்று பனிப்புயலில் நெடுஞ்சாலையை அடைத்துவிட்டார்கள். தொலைபேசியில் சேர்ந்துகொண்டாள். விதிப்படி அது செல்லும்.

"லைன் கட்டாச்சுன்னா ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க தலைவரே, திரும்பக் கூப்பிடுறேன்" என்று முன்கூட்டியே கேட்டும் வைத்திருந்தாள்.

ஓட்டெடுக்கும்போது லைன் போய்விட்டது. மண்டபத்தில் மூன்றுக்கு மூன்று. "யாரோட குரல் மண்டபத்துல இல்லையோ அவங்களுக்கு ஓட்டு இல்ல" என்று டெர்மட் தீர்ப்புச் சொன்னார். பள்ளி மூடப்பட்டது. இன்று அந்தக் கட்டடத்தில் யாரோ பனிவண்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருட்டோடு பேருந்து ஏறுகிறார்கள்.

லைனைக் கெடுத்தது புயல் அல்ல. மேசை மேலிருந்த ஒலிபெருக்கித் தொலைபேசியின் பொத்தானை, தண்ணீர்க் குவளையை எடுக்கும் சாக்கில், டெர்மட் தன் சுண்டு விரலால் அழுத்தியிருந்தார். இதை அவர் ஃபாதரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. அது பாவம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

போன இலையுதிர் காலத்தில் இன்னொரு விதியையும் அவரே எழுதி நிறைவேற்றினார். பாதி இருக்கைகூட நிரம்பாத பள்ளி தானாக மூடப்படும். காப்பாற்ற வேண்டுமானால் வாரியம் தனித் தீர்மானம் போட வேண்டும். தாமிரக்குடா மாதிரி இன்னும் இரண்டு ஊர்களை மனதில் வைத்து எழுதியது. குளிர்காலம் முடிவதற்குள் கல்வி இயக்குநர் கொண்டுவந்த பட்டியலில் முதலில் நின்றது புனித பிரெண்டன் பள்ளி. டெர்மட் பூசைக்குப் போகும் சொந்தப் பங்குக் கோயிலின் பள்ளி. அவர் மனைவி நோரீன் இருபத்தாறு வருடம் முதல் வகுப்பு எடுத்த பள்ளி.

கூட்டத்தன்று நோரீன் பன்றி இறைச்சித் துண்டை அவர் தட்டில் வைத்தபடியே சொன்னாள்: "நீ அதை மூடிட்டு வந்தா நேரா கராஜுக்குப் போயிடு. மெத்தை அங்க போட்டு வைக்கிறேன்."

"நாலு ஓட்டு இருக்கு நோரீன். நான், எலினார், பாட்ரிக், யூஜின்."

"யூஜின் நிச்சயமா?"

"அவன் கையை நான் தூக்கினாத்தான் தூக்குவான்" என்று சிரித்தார். இதே நகைச்சுவையை ஹாக்கி அரங்கத்திலும் சொல்லியிருந்தார், சுற்றி இருபது பேர் நிற்க.

சாலை கண்ணாடியாக உறைந்திருந்ததால் யூஜின் பொமர்லோ வடக்கே தன் ஊரிலிருந்து தொலைபேசியில் வந்தான். ஃபாதர் செபம் சொன்னபோது ஒலிபெருக்கியிலிருந்து அவனுடைய ஆமென் கணீரென்று கேட்டது. புனித பிரெண்டன் பெற்றோர் சுவரோரம் நின்றார்கள். டெர்மட் அன்று யாருக்கும் மணி பார்க்கவில்லை. ஒரு தாய் இருபது நிமிடம் பேசினாள்.

"தலைவருக்கு இன்னிக்குக் கடிகாரம் ஓடலை போல" என்றாள் பியெரினா.

"பெற்றோர் பேசுறப்ப மரியாதையா இருங்க, மிஸஸ் தால்போ."

"எங்க ஊர்க்காரங்களும் பெத்தவங்கதான் தலைவரே. முயல் குட்டிங்களா வந்து பேசுச்சு?"

செயலாளர் பெயர் சொல்லி ஓட்டுக் கேட்டார். எலினார், பாட்ரிக், டெர்மட்: ஆதரவு. பியெரினாவும் அவள் பக்கத்து இருவரும்: எதிர்ப்பு. கடைசியாக யூஜின். ஒலிபெருக்கி ஊமையாக இருந்தது.

"யூஜின்? யூஜின், கேக்குதா?"

"ஏன் தொண்டையைக் கிழிச்சுக்கிறீங்க?" என்றாள் பியெரினா. "குரல் மண்டபத்துல இல்ல."

டெர்மட் பத்து நிமிட இடைவேளை அறிவித்தார். அவர் தலைமையில் ஓட்டெடுப்பின் நடுவே இடைவேளை விட்டது அதுவே முதல் முறை. நடைவழியில் காபிப் பாத்திரத்தின் அருகே நின்று கைப்பேசியில் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தான்.

"என்னடா, புயலா அங்க?"

"இல்லையே. நட்சத்திரமெல்லாம் எண்ணலாம்."

"அப்ப லைன் எப்படிப் போச்சு?"

"சுண்டு விரல் பட்டுருச்சு டெர்மட்."

டெர்மட் கைப்பேசியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னிக்கு உன் பக்கத்து நாற்காலி நான்தானே" என்றான் யூஜின். "பாத்துட்டு வாயை மூடிக்கிட்டேன். எங்க ஊருக்கு உடற்பயிற்சிக் கூடம் தர்றேன்னியே, அதுக்காக. நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல."

"சரி, யோக்கியன் இல்ல. இப்ப திரும்ப லைன்ல வா. அந்தக் கூடத்துக்குப் புதுத் தரை போடலாம்."

"என் கையை நீ தூக்கினாத்தான் தூக்குவேன்னு அரங்கத்துல சொன்னியாமே. என் மச்சான் அங்க பீர் வாங்கிட்டிருந்தான். இதோ பாரு, கை ரெண்டும் கீழதான் இருக்கு. வந்து தூக்கு."

வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

திரும்பினால் பியெரினா பின்னால் நின்று ஒரு பேரீச்சை கேக் துண்டை மென்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது.

"பிள்ளைங்க மேல பழி தீர்க்கிறியா பியெரினா? அதுங்க உனக்கு என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல. எங்க ஊர்ப் பிள்ளைங்க உனக்கு என்ன செஞ்சுதோ, அதுதான்." விரலை நக்கித் துடைத்தாள். "எனக்கு இதுல சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். பரவாயில்ல, இருக்கத்தான் இருக்கு."

உள்ளே போய், தீர்மானத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று எலினாரை முன்மொழியச் சொன்னார். மூன்றுக்கு மூன்று. சமன், ஆகவே தோல்வி. மூலத் தீர்மானமும் மூன்றுக்கு மூன்று. முடிவைத் தலைவர்தான் வாயால் சொல்ல வேண்டும். சொன்னார். சுவரோரம் நின்ற பெற்றோர் அவரைப் பார்த்தார்கள். ஞாயிறு பூசையில் அவருக்கு முன்னும் பின்னும் உட்காருபவர்கள் அவர்கள்தான். ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "அந்த விதியை எழுதினதே இந்த ஆளுதான்."

வீட்டு வாசல் விளக்கு அணைந்திருந்தது. நோரீன் கூட்டத்தைக் கணினியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். அவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் கேட்டாள்:

"லைனை யாரு கட் பண்ணா?"

"யூஜின். துரோகிப் பய."

"ஒன்பது வருஷம் முன்னாடி அன்னிக்கு? பியெரினா லைன்ல இருந்தப்ப?"

டெர்மட் காலணிக் கயிற்றைக் குனிந்து அவிழ்த்தார். அதில் தேவைக்கு மேல் நேரம் எடுத்தார். எரிந்த வீடுகளின் முன்னால் நின்று பழகிய முகம் தானாக வந்து அமர்ந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"நோரீன், உன் உணர்வு எனக்குப் புரியுது."

அவள் எழுந்து படுக்கையறைக்குப் போனாள்.

"உனக்குக் குடுத்த பத்து நிமிஷம் முடிஞ்சுது" என்று உள்ளிருந்து கேட்டது. தாழ் விழுந்தது. மெத்தை, சொன்னபடியே, கராஜில் கிடந்தது.