கம்பிவடத்தில் இறங்கிய எஞ்சின்

போடிக்கு மேலே, மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் எஞ்சின் ஓட்டுபவனாக இருந்தேன். ஓட்டு வீடு, விறகு, வருஷத்துக்கொரு கம்பளி, தவறாத மாதச் சம்பளம். மலையேறி வரும் சொந்தக்காரர்கள், "கல்லுல எழுதுன வேலையப்பா" என்று பெருமூச்சு விடுவார்கள்.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பழைய எண்ணெய் எஞ்சின் பாசி பிடித்துக் கிடந்தது. புதிது வந்ததும் ஒதுக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா அதைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் காப்பி கொண்டுவந்த என் மனைவி கேட்டாள்.

"இது தண்ணி எறைக்குமா?"

"பம்பு மாட்டுனா எறைக்கும்."

அவள் சின்னமனூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வளர்ந்தவள். "எங்க ஊர்ல ரெண்டு மாட்டக் கட்டிப் பொழுதன்னைக்கும் கமலை எறைச்சாலும் பாதிக் கொடிக்காலுதான் நனையும். இத வண்டியில ஏத்திக் கெணறு கெணறாப் போயி, வாடகைக்கு எறைச்சா என்னங்க?"

அதற்குப் பிறகு தட்டில் சோறு இருந்தாலும் என் காதில் எஞ்சின்தான் ஓடியது. பத்தே நாளில் எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரையிடம் போய் நின்றேன். வேலையை விடுகிறேன், கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதில் அந்த எஞ்சினைக் கொடுங்கள் என்றேன்.

"உனக்குப் பைத்தியமா?" என்று தமிழிலேயே கேட்டார். பிறகு, "ஓட்டிக் காட்டு. ஓடினால் உனக்கு" என்றார்.

அதன் தலையை ஊதுவிளக்கால் சூடேற்றிச் சக்கரத்தைச் சுழற்றினேன். இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. துரை வாய்விட்டுச் சிரித்தார். தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்கும் கம்பிவடத்திலேயே அதையும் அனுப்பச் சொல்லிவிட்டார்.

பிரித்த எஞ்சின் துண்டு துண்டாக மேகத்துக்குள் இறங்கியது. நாங்கள் ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். மேகம் விலகும்போதெல்லாம் என் மனைவி அண்ணாந்து பார்த்து, "அந்தா, நம்ம சக்கரம் போகுது!" என்று கூவினாள். 'நம்ம' என்ற சொல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கனத்த பெட்டியைச் சுமந்துகொண்டு பாதி மலையை ஓடியே இறங்கினேன்.

மதுரையில் சொல்லி வாங்கிய ஒரு பழைய பம்பு தேனி வரை ரயிலில் வந்தது. எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிச் சின்னமனூர் போனோம். முதல் கிணறு தனியாகக் கொடிக்கால் வைத்திருந்த ஓர் அம்மாளுடையது. அவருடைய கமலை மாடு ஒன்று நொண்டிப் படுத்துவிட்டதால் கொடி வாடிக்கொண்டிருந்தது.

ஊரே கூடி நின்றது. எஞ்சின் ஓடியது. பம்பு சுற்றியது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

"சத்தந்தான் வருது" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கிணற்றில் இறங்கிக் குழாயின் அடிவாயைத் தடவிப் பார்த்தேன். பம்பு இழுக்கத் தொடங்குவதற்காகக் குழாயில் முதலில் ஊற்றும் தண்ணீரைத் தாங்கி நிறுத்தும் தோல்மூடி வெடித்திருந்தது.

"ஆத்தா, உள்ளங்கை அகலத்துக்குத் தோலு கெடைக்குமா?" என்று கீழிருந்து கத்தினேன்.

அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. தன் கமலையின் தண்ணீர் அள்ளும் தோல்பையை அரிவாளால் அறுத்துவிட்டார்.

"ஐயோ, நல்ல பையாச்சே!" என்றாள் என் மனைவி.

"கொடி போனபெறகு பைய வச்சு என்ன செய்யப் போறேன்? இதக் குழாயில மாட்டச் சொல்லுத்தா."

வெட்டி, எண்ணெய் தடவி, பொருத்தினேன். குழாயில் தண்ணீர் நிரப்பி, மறுபடி சக்கரத்தைச் சுழற்றினேன். குழாய் ஒருமுறை உதறியது. பிறகு தொடை பருமனில் தண்ணீர் பாய்ந்து வாய்க்காலில் விழுந்தது. சத்தத்தில் மிரண்டு ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, அதைப் பிடிக்க யாருமே போகவில்லை. அந்த அம்மாள் வாய்க்காலில் இறங்கி நின்று, முழங்காலைத் தாண்டி ஓடும் தண்ணீரைப் பார்த்து வாய்விட்டு அழுதார். நான் காக்கிச் சட்டையோடு அதில் உட்கார்ந்துவிட்டேன்.

நடுப்பகலுக்குள் கொடிக்கால் முழுக்க நனைந்தது. சிரித்தவரே முதலில் வந்தார். "தம்பி, அடுத்து எங்கன போறாப்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி ஒரு பொய்யோடு முந்திக்கொண்டாள். "மூணு பேரு காத்திருக்காக. நாளன்னைக்கு ஒங்க கெணறு. வண்டிய நீங்கதான் கொண்டாரணும்."

அந்தக் கோடை முழுக்க உத்தமபாளையம் வரை கிணறு கிணறாகப் போனோம். மழை விழுந்தபோதுதான் ஓய்வு. பழைய வேலைக்கே மலைக்குத் திரும்பி வரும்படி துரை ஆளனுப்பியிருந்தார். அப்போது நான் வாடகைக் காசில் வாங்கிய இரண்டாவது எஞ்சினுக்கு வண்டியில் மேடை கட்டிக்கொண்டிருந்தேன். வந்த ஆளுக்குச் சாப்பாடு போட்டு, ஒரு கட்டு வெற்றிலை கொடுத்தனுப்பினோம்.