வயிற்றில் கை வைத்திருந்தவர்

குடலிறக்க ஆபரேஷனுக்கு எடுத்த விடுப்பு முடிந்து, புதூர்நாட்டில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் போக ஜீப்பில் ஏறினேன். கால் நீட்ட இடமில்லை. பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர் ஒல்லி. வயிறு மட்டும் ஒரு பக்கம் புடைத்திருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே உள்ளங்கையால் அதை அழுத்திக்கொண்டார். நானும் அப்படித்தான் அழுத்திக்கொண்டிருந்தவன். என் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன்.

"ரோபோவா, லேப்ராஸ்கோப்பியான்னு என்னையே முடிவு பண்ணச் சொல்றாரு டாக்டரு. எது சார் நல்லது?"

"எனக்கு லேப்ராஸ்கோப்பி. ரெண்டுலயும் சின்னத் துளைதாங்க. குடல் திரும்ப இறங்காம உள்ள வைக்கிற வலையும் ஒண்ணுதான். ரோபோன்னா செலவு கூட."

"மூட்டை எப்ப தூக்கலாம்?"

"எதுல செஞ்சாலும் ரெண்டு மாசம் தூக்கக் கூடாது."

"அப்ப இன்னாத்துக்கு சார் என்னக் கேட்டாரு?"

ஜீப் நின்றது. மேலே கட்டியிருந்த அரிசி மூட்டைகளை இறக்குவதுதான் அவர் பிழைப்பு. ஒரு கையை வயிற்றில் வைத்தபடியே முதல் மூட்டையைத் தோளுக்குச் சரித்தார். கை கொடுக்கலாம் என்று எழுந்தேன்.

"உக்காருங்க சார். நீங்க தூக்கக் கூடாதில்ல?" என்றார்.

உட்கார்ந்துவிட்டேன்.